வெறும் மீன்

அவர் மீன் தொட்டித் தண்ணீரை நக்கிப் பார்ப்பார். அவரைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் அந்த நாக்குதான் நினைவுக்கு வருகிறது. ஆள்காட்டி விரலைத் தொட்டிக்குள் விடுவார், எடுத்து நுனிநாக்கில் வைப்பார், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு கழுத்தை மட்டும் திருப்பிக் கடைவாசல் சாக்கடையில் துப்புவார். எச்சில் ஒருநாள் நீலமாக இருக்கும், ஒருநாள் ரோஸாக இருக்கும். அதே விரலால் காகிதப் பொட்டலத்திலிருந்து காராபூந்தியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க மேடம்" என்பார். அவர் கடைக்குப் போய்வந்த நாளில் எனக்குச் சோற்றில் கை வைக்கப் பிடிக்காது.

நாக்கால் பார்ப்பது சாயப்பட்டறைப் பழக்கம் என்று என் கணவர் சொன்னார். அவர் பட்டுச் சேலைக் கடையில் விற்பனையில் இருப்பவர், இந்தத் தொழில் ஆட்களையெல்லாம் அவருக்குத் தெரியும். சாயக் கொப்பரைத் தண்ணீரில் சோடா அளவாக இருக்கிறதா, புளிப்பு அளவாக இருக்கிறதா என்று சில பேர் ஒரு சொட்டை நாக்கில் வைத்துத்தான் சொல்வார்களாம். இவர் பட்டறையை விட்டு வெளியே வந்து கலர் மீன் கடை வைத்துவிட்டார். நாக்கு மட்டும் பட்டறையிலேயே தங்கிவிட்டது.

ஆரணியில் அவரைக் கலர் மாஸ்டர் என்பார்கள். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை, யாரும் சொல்லிக் கேட்டதுமில்லை. ஒல்லியான ஆள். தலைமுடி மட்டும் வயதுக்குப் பொருந்தாத கருகருப்பு. நகங்கள் பத்தும் பத்து நிறம். ஜாக்கெட் துணியில் ஒரு கிழிசல், ஒரு பூவிதழ், ஏன், சாக்லேட் காகிதத்தைக் கொடுத்தால்கூட அதே நிறத்தில் பட்டு நூலைத் தோய்த்துக் கொண்டுவந்து நீட்டுவாராம். அதைவிட அவர் பெருமைப்பட்டது வேறொன்றுக்கு. "என் கலரு எறங்காது மேடம். ஊர்ல யார வேணாலும் கேளுங்க." சாயம் இறங்குகிறது என்பதைவிடப் பெரிய வசவு எங்கள் ஊரில் கிடையாது. தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணின் கழுத்தில் வியர்வையோடு சிவப்பு வழிந்தால் அந்தக் கடையைத் தேடி இரண்டு வீட்டுச் சொந்தங்களும் வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். அவர் கலருக்கு அப்படி ஒரு வேனும் வந்ததில்லை.

அவ்வளவு கெட்டிக்காரரைப் பட்டறையிலிருந்து ஏன் அனுப்பினார்கள் என்றால், ஒரு கல்யாணச் சேலைக்கு அரக்குச் சிவப்பு கேட்டிருந்தார்கள். இவர் அரக்கைத் தோய்த்தார். ஈரத்தோடு தூக்கிப் பார்த்தார். என்ன தோன்றியதோ, கொப்பரையில் வேறொரு பொடியை ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டார். வந்தது கண் கூசும் ராணி கலர். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு கேட்டதற்கு இவர் சொன்ன பதிலை என் கணவர் நடித்தே காட்டுவார்: "அரக்கு வெறும்னே இருந்திச்சு மொதலாளி. ஒரு கை போட்டேன்." வருத்தமெல்லாம் இல்லை. ராணி கலரைப் பார்த்து முதலாளி ஏன் சந்தோஷப்படவில்லை என்பதுதான் அவருக்குப் புரியவேயில்லையாம்.

வெறும்னே. அவர் வாயில் எந்நேரமும் கிடந்த சொல் அது. எதைப் பார்த்தாலும் அது வெறும்னே இருப்பதாக அவருக்குத் தோன்றும். கடைச் சுவர் வெறும்னே இருந்தால் அதில் பச்சைக்கிளி. தெருநாயின் வால் வெறும்னே இருந்தால் அதற்கு ஆரஞ்சு. பண்ணையிலிருந்து கோழிக்குஞ்சுகளை வாங்கிவந்து ரோஸிலும் ஊதாவிலும் முக்கியெடுத்து அட்டைப்பெட்டியில் வைத்து விற்பார். பிள்ளைகள் ஈ மாதிரி மொய்ப்பார்கள். மொய்த்த பிள்ளைகளில் ஒருத்தி என் மகள் தர்ஷினி.

கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்தவள் அவள். பிறந்ததிலிருந்து எனக்குப் பயம்தான். சாலையைக் கடக்கும்போது பயம், மாடிப்படியில் பயம், ஊசி போட்ட இடம் வீங்கினால் பயம். பயப்பட வேண்டியதற்கெல்லாம் பயந்து தீர்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மீன் கடைக்குப் பயப்பட வேண்டும் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்?

அவரிடம் எனக்கு முதலில் வந்தது அருவருப்புத்தான். ஆனால் ஒருமுறை அதில் வேறொன்றும் கலந்துவிட்டது. அவருடைய அம்மா இறந்தபோது. வீடு எங்கள் தெருக்கோடியில்தான், நானும் போயிருந்தேன். அந்த அம்மாளை நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் உள்ளேயிருந்து ஒரு கிண்ணத்தோடு வந்தார். பஞ்சைத் தோய்த்து அம்மாவின் இரண்டு கன்னத்திலும் ரோஸ் தடவினார். உதட்டில் சிவப்பு வைத்தார். உட்கார்ந்திருந்த பெண்கள் அலறிவிட்டார்கள். பெரியப்பா முறையான ஒருவர் கிண்ணத்தைத் தட்டிவிடப் போனார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "அப்பா செத்ததுலேர்ந்து வெள்ளையிலயே குந்திகினு இருந்திச்சு. இப்பவும் வெறும்னே அனுப்ப சொல்றியா?"

பெரியப்பா கையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். பிறகு குளிப்பாட்டினார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள், சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். கலர் இறங்கவில்லை. அந்தக் கிழவி சிரித்த முகமாகச் சிவந்த கன்னத்தோடு பாடையில் போனாள். நான் வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். இரண்டு தரம் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டேன். ஆனாலும் அவர் சொன்னது நியாயம்தானோ என்று பல நாள் யோசித்தேன். அந்த யோசனையில்தான் அவரை நம்பத் தொடங்கினேன் போலிருக்கிறது.

தர்ஷினியின் பிறந்தநாளுக்கு அவள் கேட்டது கண்ணாடி மீன். சுண்டுவிரலில் பாதி நீளம், தட்டையான உடம்பு, முதுகு மேடு. உடம்பின் உள்ளே விளக்குப் போட்டதுபோல ஒன்று ரோஸ், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். முள்ளும் குடலும் அந்த நிறத்துக்குள்ளே தெரிந்தன. எந்த நாட்டு மீன் என்று கேட்டேன். "நம்ப கிட்ட மட்டும்தான் கெடைக்கும் மேடம்" என்று மட்டும் சொன்னார். ஐந்தாறு வாங்கினோம்.

ஒரு வாரத்துக்குள் பச்சை செத்தது. அடுத்து மஞ்சள். சாவதற்கு முன் அவற்றின் விலாவில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாக ஏதோ படர்ந்தது. செத்தவற்றைக் கரண்டியால் எடுத்துப் போடுவது என் வேலை. விரலில் பட்டுவிடும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தப் பிசுபிசுப்பு போகாது. அவரிடம் கேட்டதற்கு, "மீனுன்னா சாவும் மேடம், அதுக்குப் போயி பேஜாராவாதீங்க. வேற கலரு தர்றேன்" என்றார். ஒரே ஒரு ரோஸ் மட்டும் எதற்கோ சாகாமல் நின்றது.

பொங்கலுக்குப் பிறகு சந்தவாசலில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். நல்ல மழை பெய்த வருடம். மலையிலிருந்து இறங்கிய தண்ணீரில் அவர்கள் ஊர் ஏரி நிரம்பி, உபரி நீர் வழியும் கலங்கல் வரைக்கும் நின்றது. மதகு ஓரமாகக் கசியும் தண்ணீர் ஒரு பள்ளத்தில் தேங்கி, முழங்கால் ஆழத்தில் மணல் தெரியக் கிடந்தது. வேலம்பாசி அடர்ந்து, நடுநடுவே அல்லி இலை. நாத்தனார் துணி அலச உட்கார்ந்தாள். நான் படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நிழல்தான் தெரிந்தது. அடி மணலில் சின்னச் சின்ன நிழல்கள் கூட்டமாக ஓடின, நின்றன, திரும்பின. மேலே ஒன்றுமில்லை. குனிந்து பார்த்தபோது கண்கள் தெரிந்தன. தண்ணீரில் கண்கள் மட்டும் ஜோடி ஜோடியாக மிதந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்வைக்குப் பிடிபட்டது. தறியின் அச்சுப் பல் மாதிரி வரிசையாக முள், வயிற்றில் வெள்ளிக் காசு போல ஒரு மினுக்கு, மற்றதெல்லாம் தண்ணீர். பாசிக்குள் நுழையும்போது அந்தப் பாசியின் பச்சை அவற்றின் உடம்பு வழியாகவே தெரிந்தது. வெயில் சாய்ந்து விழுந்த ஓரிடத்தில் சில மீன்களின் மேல் தேன்நிறம் ஒன்று வந்து வந்து போனது. அவற்றின் முதுகுத் துடுப்பில் மெல்லிய நீலக் கரை. சேலைக்குக் கரை பிடித்ததுபோல அவ்வளவு நேர்த்தி. ஜரிகைக்காரர் வீட்டில் பிறந்த எனக்கே அப்படி ஒரு கரை பார்த்த ஞாபகம் இல்லை.

அந்த முதுகு மேட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இது என்ன மீன் என்று நாத்தனாரைக் கேட்டேன்.

"கண்ணாடி மீனு அண்ணி. கொழம்புக்குக்கூட ஆவாது. மழை நின்னா இந்தப் பாசியில குஞ்சு குஞ்சா அடையும்." அவள் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "உங்க ஊரு ஆளு ஒர்த்தரு வண்டியில டப்பா கட்டிகினு வந்து வலை போட்டு அள்ளிகினு போவாரு. கையப் பாத்தா ஹோலி ஆடினவராட்டம் இருப்பாரு. இத்தப் போயி இன்னாதான் பண்ணுவாரோ."

தர்ஷினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உன் மீனுடைய அக்கா தங்கையெல்லாம் இங்கேதான் இருக்கிறது, பார் என்றேன். அவள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"இது அது இல்லம்மா" என்றாள். "இது வெறும் மீனு."

கலர் மாஸ்டரின் நாக்கை என் மகள் வாய்க்குள் பார்த்ததுபோல எனக்கு உடம்பு கூசியது.

ஊர் திரும்பியதும் அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். தனியாகப் போயிருக்கலாம். அவரை அவள் எதிரிலேயே கேட்டால் அவர் மேலிருந்த மயக்கம் தெளியும் என்று நினைத்தேன். ஏரி மீனைப் பிடித்துவந்து நீங்களே கலர் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். குற்றம் சொல்கிறேன் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். முகமெல்லாம் பல். "ஊர்ல ஒர்த்தரும் கண்டுபிடிக்கல மேடம். நீங்க பட்டு வீட்டுப் பொண்ணு, கண்டுபிடிச்சிட்டீங்க. வாங்க" என்று கடைக்குப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

அங்கே தரையில் பிளாஸ்டிக் பேசின்கள். முதல் பேசினில் சோப்பும் சோடாவும் கரைத்த கலங்கல் நீர். பட்டறையில் கச்சாப் பட்டு நூலை வேகவைத்துப் பசை எடுக்கும்போது வருமே, அந்த அழுகிய வாடை. அதில் ஏரி மீன்கள். எத்தனை இருந்தன என்று நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவற்றின் மேலிருந்த வழவழப்பு நீரில் நூல்நூலாகப் பிரிந்து மிதந்தது. இரண்டாவது பேசினில் ரோஸ், மூன்றாவதில் பச்சை. மூலையில் ஒரு முறம். அதில் தேறாதவை கிடந்தன, எறும்பு ஏறி. பாதி நிறம் பிடித்தவை, பிடிக்காதவை, வால் கரைந்து போனவை.

"பட்டுக்கு இன்னா, இதுக்கு இன்னா மேடம். பசை எடுக்கலன்னா கலரு ஏறாது" என்றார். முதல் பேசினில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். திருப்தியாகத் தலையாட்டினார். "மொதல்ல ஒரு சிட்டம் நூலு போட்டு சாம்பிள் பாக்கறதில்ல? அத்தே மாதிரி ஒரு மீனு போட்டுப் பாப்பேன். அது நின்னுதுன்னா மத்ததப் போடுவேன்."

நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். கிளம்பலாம் என்று திரும்பியபோது தர்ஷினி குத்தங்காலிட்டு உட்கார்ந்து பேசினையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அருவருப்பு இல்லை. பரீட்சைக்குப் படிக்கும்போது இருக்குமே, அந்த முகம்.

"மனுஷங்களுக்கும் அந்தப் பசை இருக்கா அங்கிள்?"

அவர் சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. பச்சையும் ரோஸும் படிந்த விரலால் அவள் கன்னத்தைத் தட்டி, "தோலுன்னு இருந்தா பசை இருக்கும் பாப்பா. உனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

என் மகள் கருப்பு. என் மாமனாரின் நிறம், நல்ல கருப்பு. யாரும் அவளை நேராக ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் அவளுக்கு மட்டும் யாராவது முகத்துக்குப் போடும் கிரீம் வாங்கி வந்திருப்பார்கள். அந்த வருடம் பள்ளி ஆண்டுவிழா நடனத்தில் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவளைக் கடைசி வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கன்னத்தில் பட்ட கறையை நான் வழி நெடுக முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் தேங்காயெண்ணெய், கடலை மாவு எல்லாம் போட்டுத் தேய்த்தேன். மூன்று நாள் அது அங்கேயே இருந்தது.

ஆண்டுவிழாவுக்கு முந்தைய ஞாயிறு. அவள் அப்பா கடைக்குப் போயிருந்தார். கல்யாண சீசன், ஞாயிறும் லீவில்லை. நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து அந்த வாடை வந்தது. பசை எடுக்கும் வாடை. இந்த ஊரில் பிறந்த மூக்குக்கு அது தப்பாது. ஆனால் என் வீட்டுக்குள் அது எப்படி வரும்? ஓடினேன். கதவு தாழ்போடவில்லை.

இடது கையை முழங்கை வரை வாளி விளிம்பில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குளிக்கும் மக்கு. அதில் துணிக்குப் போடும் சோடாவும் சோப்புச் சீவலும் வெந்நீரில் கரைத்த கலங்கல். கையில் மணிக்கட்டிலிருந்து மேலே ஒரு சாண் அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. தேங்காய் நார் ஒன்று ரத்தம் பட்டுக் கிடந்தது. இன்னொரு கிண்ணம் குளியலறை அலமாரிக் கண்ணாடிக்கு எதிரில் தயாராக, மூடியோடு. அது முகத்துக்கு.

தண்ணீரை ஊற்று ஊற்று என்று ஊற்றினேன். என்ன பேசினேன் என்று தெரியவில்லை, திட்டியிருப்பேன், அழுதிருப்பேன். அவள் அழவில்லை. என்னைச் சமாதானம் செய்வதுபோலச் சொன்னாள்:

"பயப்படாதம்மா. மொதல்ல கையில சாம்பிள்தான் பாத்தேன்."

டாக்டரம்மா கட்டுப் போட்டு அனுப்பினார். தோல் வந்துவிடும், கொஞ்ச நாள் அந்த இடம் வெளுப்பாக இருக்கும், பிறகு தானாகச் சொந்த நிறத்துக்கு வந்துவிடும் என்றார். முகத்தில் பட்டிருந்தால் என்று தொடங்கி என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

என் கணவர் மீன் கடைக்குப் போகாதே என்றார். பெண் பிள்ளை விஷயம், தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார். மறுநாள் நான் அலுவலகத்துக்குப் போகும் வழியில் போனேன். அந்த மக்கிலிருந்த கலங்கலைக் கொட்டாமல் மக்கோடு வைத்திருந்தேன். மேலே பிளாஸ்டிக் கவர் சுற்றிக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன்.

"இன்னா மேடம் இது?"

"நீங்க சொன்ன பசை. என் பொண்ணு அவ கையில எடுத்துட்டா."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் வாடியது. அதை நான் பார்த்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன். கவரைப் பிரித்தார். நான் என்ன ஏது என்று நினைப்பதற்குள் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். கழுத்தைத் திருப்பித் துப்பினார்.

"சோடாக் காரம் ஜாஸ்தி மேடம்" என்றார். "பட்டே தாங்காது. பாவம், பாப்பா என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா?"

"பதமா கலந்து குடுத்திருப்பேன்."

கேலி இல்லை. கொடூரமும் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சளி என்றால் கஷாயம் வைத்துத் தருகிறேன் என்போமே, அந்தக் குரல். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல்போல இரண்டு கையையும் விரித்து நீட்டினார். விரல் நுனிகள் மெழுகு மாதிரி வழவழவென்று இருந்தன. ஒரு கோடு கிடையாது. "ரேஷன் கடை மிஷின்ல என் ரேகை எடுக்காது மேடம். எனக்குந்தான் எல்லாப் பசையும் போச்சு. நான் இன்னா செத்தா பூட்டேன்?"

நான் வாசலுக்கு ஓடி அவர் துப்பிய இடத்திலேயே வாந்தியெடுத்தேன். அவர் பின்னாலேயே வந்து ஒரு டம்ளரில் தண்ணீர் நீட்டினார். விளிம்பில் அவர் கட்டைவிரல் ரோஸாகப் பதிந்திருந்தது. அதை வாங்காமல் வந்துவிட்டேன். அவரோடு எனக்கு அதுவே கடைசி.

கொஞ்ச நாளில் கடை காலியாகிவிட்டது. யாரும் துரத்தவில்லை, நானும் எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. வாடகைத் தகராறு என்றார்கள். இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். சுவரில் பச்சைக்கிளி மட்டும் மேலே அடித்த சுண்ணாம்பையும் மீறித் தெரிகிறது. வெம்பாக்கம் பக்கம் ஒரு திருவிழாவில் அவரைப் பார்த்ததாக என் கணவர் சொன்னார். அட்டைப்பெட்டியில் ஊதாக் குஞ்சுகள், சுற்றிலும் பிள்ளைகள். "பாப்பாவுக்கு கை ஆறிடுச்சா?" என்று விசாரித்தாராம். எனக்கு அன்றைக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த ரோஸ் மீன் மட்டும் எங்கள் வீட்டில் இருந்தது. அதன் நிறம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. முதலில் தலைப்பக்கம் தண்ணீரானது. பிறகு வயிறு. ஒருநாள் காலையில் முதுகுத் துடுப்பின் விளிம்பில் நீலம் ஒன்று மெல்லியதாகத் தெரிந்தது. அவர் அள்ளிப் போட்ட கலருக்குக் கீழே அந்தக் கரை அத்தனை நாளும் இருந்திருக்கிறது. இறங்காது இறங்காது என்று அவர் பெருமையடித்த சாயம் ஒரு மீன்குஞ்சிடம் தோற்றுப்போனது. எனக்கு அதில் ஒரு பழி தீர்த்த சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

ஆனால் தர்ஷினியின் கையில் வந்த புதுத்தோல் வெளுப்பாகவே நின்றது. பள்ளிக்கு முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். ஜன்னலோரம் அவள் சட்டையை மேலே தள்ளிவிட்டு அந்த இடத்தை விரலால் தடவுவதை இரண்டொரு முறை கதவிடுக்கில் பார்த்தேன். வலியா என்று கேட்டால் இல்லை என்பாள். அந்த இடம் கருக்கட்டும், கருக்கட்டும் என்று நான் சாமியிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். சாயம் இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆரணிப் பெண் நானாகத்தான் இருப்பேன்.

போன மாதம் சந்தவாசலுக்குப் போனோம். அந்த ஒற்றை மீனை ஏரியில் விட்டுவிடலாமா என்று முன்பே நாத்தனாரிடம் போனில் கேட்டிருந்தேன். "கொண்டாங்க அண்ணி. நெழலு ஒண்ணு கூடும், வேற இன்னா" என்று சிரித்தாள்.

தண்ணீர் கொஞ்சம் வற்றியிருந்தது, ஆனால் மதகோரப் பள்ளம் அப்படியே தெளிவாகக் கிடந்தது. மீன் இருந்த பையை நான்தான் பிடித்துக்கொள்வேன் என்று தர்ஷினி படியில் இறங்கினாள். சட்டை நனையாமல் இருக்கக் கையை முழங்கை வரை மடித்துவிட்டாள். வெளியில் அந்தக் கையை அவள் மடித்தது அதுதான் முதல் தடவை. பையை நீருக்குள் அமிழ்த்தி வாயை அவிழ்த்தாள். மீன் உடனே போகவில்லை. அவள் கைமேலேயே, வெளுத்த அந்த இடத்துக்கு நேராகக் கொஞ்ச நேரம் நின்றது. வாலருகில் மட்டும் ரோஸ் ஒரு கீற்று மிச்சம். அப்புறம் ஒரு துள்ளல். பாசிக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு மணலில் நிழல்கள்தான். அதில் எது எங்களுடையது என்று தெரியவில்லை.

அவள் கையை நீரிலிருந்து எடுக்காமல் நிழல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு முழுசா எறங்கிடும் இல்லம்மா?"

"எறங்கிடும்."

"எனக்கு?"

எந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கிறாள் என்று முகத்தில் தேடினேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் எறங்கிடும்" என்றேன்.

அவள் கையை வெளியே எடுத்தாள். துடைக்கவில்லை. மடித்திருந்த சட்டைக் கையை ஈரத்தின் மேலேயே மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டாள்.